கண்ணில் குறையா, கணக்கில் குறையா?

சங்கத்துத் தோழர்களுள் பலருக்கு என் அறை நண்பரைத் தெரியும். வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி செய்கிறார். என்னைவிட ஆறு ஆண்டு மூத்தவர். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தம்பி. கல்வெட்டு மைப்படிகளின் படங்களை மடிக்கணினித் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, இரவு ஒரு மணி வரையில் எழுத்துக் கூட்டிப் படிப்பது அவர் வழக்கம். நான் பதினொரு மணிக்கே உறங்கிவிடுபவன். என் உறக்கம் கெடக்கூடாது என்பதற்காக அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையின் ஒளியையும் தாழ்த்தி வைத்துக்கொள்வார். இந்த நல்ல உள்ளமே அவரைப் பெரியதொரு கவலையில் கொண்டுபோய் விட்டது. அந்தக் கவலை எப்படி வந்தது, எப்படித் தீர்ந்தது என்பதே இக்கட்டுரை. எழுத அவரே இசைவு தந்தார். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

டில்லிக் குளிர் கடுமையாக இருந்த ஓர் இரவு. தண்ணீர் குடிக்க எழுந்தேன். அண்ணன் திரையை மூடி வைத்துவிட்டு, இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணா, படிக்கவில்லையா?" என்றேன்.

"தம்பி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம். என் கண் போய்க்கொண்டிருக்கிறது."

அவருடைய தந்தையார் கண் அழுத்த நோயால் பார்வை இழந்தவர். அந்நோய் சில குடும்பங்களில் வழிவழியாக வருவது உண்டு என்பதும் அண்ணனுக்குத் தெரியும். இரண்டு மாதங்களாகத் தமக்கு ஒளி போதவில்லை என்று அவர் உணர்ந்திருக்கிறார். நான்கைந்து நாட்களுக்கு ஒரு முறை, எழுத்துத் தெளிவாக இல்லையென்று திரையின் ஒளியை ஏற்றும் விசையை ஒரு தடவை அழுத்த வேண்டியிருக்கிறது. ஓரிரு முறை என்றால் கவலைப்பட்டிருக்க மாட்டார். பன்னிரண்டு தடவை ஆயிற்றென்று ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டு வைத்திருந்தார். "அப்பாவும் முதலில் வெளிச்சம் போதவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டின் கீழும் நாள் குறித்திருந்தார். பார்த்ததும் ஓர் ஐயம் பிறந்தது. முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் இடையே ஐந்து நாள். அடுத்து ஐந்து நாள். அதற்கடுத்தும் ஐந்து நாள். அவர் ஊருக்குப் போய் மடிக்கணினியைத் திறக்காமலே இருந்த ஒரு வாரத்தை நீக்கிவிட்டால், தாள் முழுவதும் அதே ஐந்து.

மனித உடலில் வரும் நோய் நாட்காட்டி பார்த்து வருமா? சளி பிடித்தாலே ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது. இவ்வளவு ஒழுங்காக ஐந்து நாளுக்கு ஒரு முறை தேய்வது கண்ணாக இருக்காது, ஏதோ ஒரு கணக்கு என்று தோன்றிற்று.

"அண்ணா, விசையை அழுத்தும்போது திரையில் ஒரு பட்டை தோன்றுமே, அது எங்கே முடிகிறது?" என்று கேட்டேன்.

"எப்போதும்போலப் பாதிக்குச் சற்று முன்னால்" என்றார்.

"இரண்டு மாதத்துக்கு முன்னால்?"

சிறிது நேரம் யோசித்தார். "அப்போதும் அதே இடந்தான்" என்றார்.

பன்னிரண்டு தடவை ஒளியை ஏற்றியவருடைய பட்டை இந்நேரம் திரையின் கோடிக்குப் போயிருக்க வேண்டும். ஏற்றியும் நின்ற இடத்திலேயே நிற்கிறதென்றால், அவர் ஏற்றியதை வேறு யாரோ இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதானே பொருள்? அவர் தடவைகளை எண்ணினாரேயொழியப் பட்டையைப் பார்க்கவில்லை. அச்சம் வந்தவன் எண்ணுவது அப்படித்தான் இருக்கும்.

திரைக்கு ஒளி எங்கிருந்து வருகிறது?

இந்தக் கள்ளனைப் பிடிக்குமுன், திரை எவ்வாறு ஒளிர்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். நம் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றின் திரை நீர்மப் படிகத்தால் ஆனது. நீர்மப் படிகத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. தன் வழியே செல்லும் ஒளியை விடுவதும் தடுப்பதும் மட்டுமே அதன் தொழில். ஒளி தருவது அதன் பின்னாலோ ஓரத்திலோ வரிசையாகப் பதித்திருக்கும் சிறு எல்இடி விளக்குகள். இதனைப் பின்னொளி என்பர்.

இந்த விளக்குகளை மங்கச் செய்வதற்குப் பல கருவிகளில் ஒரு தந்திரம் கையாளப்படுகிறது. விளக்கை வினாடிக்குப் பல நூறு முறை ஏற்றி அணைப்பார்கள். கண்ணுக்கு அவ்வளவு வேகம் தெரியாது. ஏற்றியிருந்த நேரமும் அணைந்திருந்த நேரமும் கலந்து ஒரே சீரான ஒளியாகத் தோன்றும். ஏற்றியிருக்கும் நேரம் கூடினால் வெளிச்சம், குறைந்தால் மங்கல். இதற்குத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்பது நூற்பெயர். ஒவ்வொரு துடிப்பின் காலத்தையும் வன்பொருள் பல சிறு கூறுகளாகப் பிரித்து எண்ணுகிறது. அண்ணனுடைய கணினியில் ஒரு துடிப்புக்கு 937 கூறுகள். அவற்றுள் 375 கூறுகளில் விளக்கு எரிந்தால், ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு ஒளி.

ஆனால் நமக்கு 937 என்ற எண்ணோடு என்ன உறவு? நாம் கேட்பது நூற்றுக்கு இவ்வளவு என்றுதான். ஆகவே இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று நம்முடையது, அதில் 0 முதல் 100 வரை படிகள். (வேறு சில கணினிகளில் இது 0 முதல் 255 வரை இருக்கும்.) மற்றொன்று வன்பொருளினுடையது, அதில் 0 முதல் 937 வரை கூறுகள். நடுவே நின்று இம்மொழியை அம்மொழியாக்கிச் சொல்லும் துபாஷி ஒருவர் உண்டு. அவருக்குத்தான் வரைகலை இயக்கி என்று பெயர். "40-ஆம் படி வேண்டும்" என்று நாம் சொன்னால் அவர் அதைக் கூறுகளாக மாற்றி வன்பொருளிடம் சொல்வார். "இப்போது எவ்வளவு எரிகிறது?" என்று கேட்டால், வன்பொருளைப் பார்த்துக் கூறுகளைப் படிகளாக மாற்றி நமக்குச் சொல்வார்.

துபாஷி நேர்மையானவர்தாம். ஆனால் அவர் படித்த கணக்கில் ஒரு குறை இருந்தது.

பின்னம் அறியாத வகுத்தல்

40-ஆம் படியைக் கூறாக்குவது எப்படி? 40ஐ 937ஆல் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும். விடை 374.8. இங்கே ஒரு சிக்கல். 374.8 கூறு என்று ஒன்று வன்பொருளில் கிடையாது. 374 உண்டு, அல்லது 375 உண்டு. மேலும், இயக்க முறையின் கருவகத்தில் எழுதப்படும் நிரல்கள் பொதுவாகப் பின்னக் கணக்கைத் தொடுவதே இல்லை. பின்னக் கணக்குக்கென்று செயலியில் உள்ள பதிவேடுகளைப் பயனரின் நிரல்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும். கருவகம் குறுக்கே புகுந்தால் அவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்துத் திருப்பித் தர வேண்டிய வீண் வேலை வரும். ஆகவே எல்லாம் முழு எண்களாலேயே நடைபெறும். சி மொழியில் ஒரு முழு எண்ணை மற்றொரு முழு எண்ணால் வகுத்தால், புள்ளிக்குப் பின்னால் வருவதெல்லாம் ஈவிரக்கமின்றி வெட்டப்படும். 374.8 ஆனாலும் சரி, 374.99 ஆனாலும் சரி, விடை 374.

வெட்டினால் என்ன, ஒரு கூறுக்கும் குறைவான நட்டந்தானே என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். திரும்பி வரும் வழியைப் பாருங்கள். 374ஐ 100ஆல் பெருக்கி 937ஆல் வகுத்தால் 39.91. இயக்கி மறுபடியும் வெட்டுகிறது. விடை 39.

போகும்போது 40, வரும்போது 39! இரு முறையும் கீழ்நோக்கியே வெட்டியதால், கூறு அளவில் ஒன்றுக்கும் குறைந்த பிழை, படி அளவில் முழுதாக ஒன்றைத் தின்றுவிட்டது.

இனி, ஒவ்வொரு நாளும் நடந்ததைக் காணுங்கள். அண்ணன் வேலை முடிந்ததும் கணினியை முழுதாக அணைத்துவிடுவார். அணையும்போது, "இப்போது ஒளி எவ்வளவு?" என்று இயக்கியைக் கேட்டு, வந்த விடையைக் கணினி குறித்து வைத்துக்கொள்கிறது. மறுநாள் ஏற்றும்போது, குறித்து வைத்த படியையே திரும்பக் கேட்கிறது. பயனர் விட்ட இடத்திலேயே ஒளி நிற்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் செய்யப்பட்ட ஏற்பாடு இது. அதன் பயனாக:

முதல் இரவு: 40 படி, 374 கூறு, திரும்பியது 39.
இரண்டாம் இரவு: 39 படி, 365 கூறு, திரும்பியது 38.
மூன்றாம் இரவு: 38 படி, 356 கூறு, திரும்பியது 37.
நான்காம் இரவு: 37 படி, 346 கூறு, திரும்பியது 36.
ஐந்தாம் இரவு: 36 படி, 337 கூறு, திரும்பியது 35.

விசையை ஒரு தடவை அழுத்தினால் ஏறுவது 5 படி. 35 மீண்டும் 40 ஆகும். பட்டை பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தாளில் ஒரு கோடு ஏறும். அண்ணனுடைய ஐந்து நாள் கணக்கு அப்படியே கிடைத்துவிட்டது!

நம் ஊரில் அரிசி அளப்பதை எண்ணிப் பாருங்கள். மரக்காலில் இருப்பதை நாழியால் அளந்து, நாழியை நிரப்பாத மிச்சத்தை ஒதுக்கிவிடுகிறோம். அளந்ததை மறுபடியும் மரக்காலில் போட்டு, மரக்காலை நிரப்பாத மிச்சத்தையும் ஒதுக்கிவிடுகிறோம். யாரும் திருடவில்லை, அளவையும் பொய்யில்லை. ஆயினும் நாள்தோறும் இப்படி அளந்துகொண்டே இருந்தால் குதிர் காலியாகிவிடும். அண்ணன் விசையைத் தொடாமலே இருந்திருந்தால், நாற்பதாம் இரவில் திரை 0-க்கு வந்திருக்கும்.

அன்றாடம் ஒரு படி குறைவது ஏன் உடனே தெரியவில்லை? கண் ஒளியின் அளவை எடை போடுவதில்லை, விகிதத்தை எடை போடுகிறது. செருமானிய உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் (1795–1878) புலன்களைப் பற்றி ஆராய்ந்து கண்ட உண்மை இது. 40-இல் ஒன்று போனால் நாற்பதில் ஒரு பங்குதான். அது கண்ணுக்கு எட்டாது. ஐந்து நாள் சேர்ந்தால் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது, அப்போது எட்டுகிறது. அண்ணனுடைய கண் மிகச் சரியாகவே வேலை செய்திருக்கிறது. குறைந்ததைக் குறைந்தது என்றே அவரிடம் சொல்லியிருக்கிறது.

நான் செய்த இரண்டு தவறுகள்

இவற்றையெல்லாம் ஒரே இரவில் கண்டுபிடித்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் தவறான கோப்பைப் பார்த்து ஏமாந்தேன். லினக்ஸ் முறையில் பின்னொளிக்கென்று ஓர் அடைவு உண்டு. அதில் பிரைட்னஸ் என்ற கோப்பும், ஆக்சுவல் பிரைட்னஸ் என்ற கோப்பும், மேக்ஸ் பிரைட்னஸ் என்ற கோப்பும் இருக்கும். முதலாவது நாம் கேட்டதைச் சொல்வது. இரண்டாவது வன்பொருளில் உள்ளதைச் சொல்வது. மூன்றாவது உச்ச அளவு. நான் முதல் கோப்பில் 40 என்று எழுதிவிட்டு, அதையே திரும்பப் படித்தேன். 40 என்றது. இயக்கி குற்றமற்றது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படுத்தேன். கேட்டதைத் திருப்பிச் சொல்பவனிடம் சாட்சி கேட்டால் என்ன கிடைக்கும்? மறுநாள்தான் இரண்டாவது கோப்பைப் பார்க்கத் தோன்றிற்று. அதில் 39 என்று இருந்தது.

இரண்டாம் தவறு இன்னும் வெட்கத்துக்குரியது. லினக்ஸின் மூல நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்திருப்பது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய பணி அது. மாணவராகிய நாம் அதைத் தொட அஞ்ச வேண்டியதில்லை. இயக்கியின் நிரலைத் திறந்து, படியைக் கூறாக்கும் வரியைக் கண்டுபிடித்தேன். வெட்டுவதற்குப் பதிலாக அருகிலுள்ள முழு எண்ணை எடுக்கும்படி மாற்றினேன். 374.8 இப்போது 375 ஆயிற்று. 375 திரும்பி வரும்போது 40.02, வெட்டினாலும் 40. ஒரு வாரம் பார்த்தோம். 40 அசையவில்லை. அண்ணன் எனக்கு மெஸ்ஸுக்கு வெளியே தோசை வாங்கித் தந்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள் அவருக்குத் தலைவலி. ஒளியை 30-க்கு இறக்கி வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் 29! தோசை வீணாயிற்று.

என்ன நடந்தது? 30-ஆம் படிக்கு 281.1 கூறு. அருகிலுள்ள முழு எண் 281. திரும்பும்போது 29.99. நான் திருத்தாமல் விட்ட வரி அதை வெட்டி 29 என்றது. போகிற வழியை மட்டும் செப்பனிட்டேன். வருகிற வழியிலிருந்த பள்ளம் அப்படியே கிடந்தது. 40 என்ற ஒரே எண்ணை வைத்துச் சோதித்ததால் அது தெரியவில்லை.

அதன்பின் சிறு நிரல் ஒன்று எழுதி, 0 முதல் 100 வரையுள்ள 101 படிகளையும் ஒவ்வொன்றாக எழுதிப் படித்துச் சோதித்தேன். பழைய இயக்கியில் 0-உம் 100-உம் தவிர மற்ற 99 படிகளும் ஒன்று குறைந்தே திரும்பின. என் அரைகுறைத் திருத்தத்தில் 49 படிகள் குறைந்தன, 52 பிழைத்தன. அந்த 52-க்குள் நாங்கள் தினமும் பார்த்த 40 அகப்பட்டுக்கொண்டது எங்கள் போதாத வேளை.

சரியான திருத்தம்

திருத்தம் மிக எளிது. வகுப்பதற்கு முன், வகுக்கும் எண்ணில் பாதியைக் கூட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். 40 பெருக்கல் 937, 37,480. அதனோடு 100-இல் பாதியாகிய 50ஐக் கூட்டினால் 37,530. 100ஆல் வகுத்து வெட்டினால் 375. திரும்பும்போது 375 பெருக்கல் 100, 37,500. அதனோடு 937-இல் பாதியாகிய 468ஐக் கூட்டினால் 37,968. 937ஆல் வகுத்து வெட்டினால் 40. வெட்டும் கத்தி அதேதான். ஆனால் பாதிக்கு மேற்பட்ட பின்னங்கள் கத்திக்கு எட்டாமல் அடுத்த எண்ணுக்குத் தாண்டிவிடுகின்றன. லினக்ஸ் கருவகத்தில் இதற்கென்றே ஆயத்தமாக ஒரு குறுநிரல் இருக்கிறது. "வகுத்து அருகிலுள்ளதை எடு" என்பது அதன் பெயரின் பொருள். இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களின் கருவிகளுக்கு லினக்ஸில் உள்ள இயக்கிகளும் ஒளி அளவை மாற்றும் இடத்தில் அதனையே பயன்படுத்துகின்றன. புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. இருந்த மருந்தை, இரண்டு இடத்திலும் போட வேண்டும் என்று அறிந்துகொண்டேன்.

இது ஏன் எப்போதும் பலிக்கிறது? அருகிலுள்ள முழு எண்ணை எடுப்பதால் கூறில் வரும் பிழை மிகப் போனால் அரைக் கூறு. ஒரு படிக்கு ஒன்பதுக்கு மேற்பட்ட கூறுகள் உண்டு. ஆகவே அரைக் கூறு என்பது ஒரு படியில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. அவ்வளவு சிறிய விலகல் அருகிலுள்ள படியை மாற்ற முடியாது. 101 படிகளும் சொன்ன சொல் தவறாமல் திரும்பின.

கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று.

முதலாவது, பெருக்கிய பின்னரே வகுக்க வேண்டும். 374ஐ முதலில் 937ஆல் வகுத்தால் முழு எண் கணக்கில் விடை 0; அதன்பின் 100ஆல் பெருக்கி என்ன பயன்? ஆனால் முதலில் பெருக்கினால் எண் பெருத்துவிடும் என்ற ஆபத்தும் உண்டு. 32 இருமத்தில் அடங்கும் மிகப்பெரிய எண் 4,294,967,295. இரு அளவுகோல்களும் 1,20,000 வரை போகுமானால் பெருக்குத் தொகை 1,440 கோடி. அது 32 இருமத்தில் அடங்காமல் வழிந்து, விடை கண்டபடி ஆகிவிடும். ஆகவே பெருக்குவதை 64 இருமத்தில் செய்ய வேண்டும்.

இரண்டாவது, எல்லாத் திரைகளிலும் 937 கூறுகள் இரா. 15 கூறுகள் மட்டுமே உள்ள ஒரு திரையை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் 50-ஆம் படி கேட்டால் 7.5, அதாவது 8 கூறு. திரும்பும்போது 53. கேட்டது 50, கிடைத்தது 53. இந்தப் பிழையை எவராலும் நீக்க முடியாது. 101 படிகளைப் பதினாறு இடங்களில் உட்கார வைத்தால் நெருக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் 53ஐ மறுபடி கேட்டால் அதே 8 கூறு, அதே 53. ஒரு முறை நகர்ந்து நின்றுவிடும். நாளுக்கு நாள் வழுக்காது. பிழையே இல்லாமல் செய்வது எப்போதும் நம் கையில் இல்லை. பிழை வளராமல் செய்வது நம் கையில் இருக்கிறது.

மூன்றாவது, அடிமட்டம். அதே 15 கூறுத் திரையில் 3-ஆம் படி கேட்டால் 0.45, அருகிலுள்ள முழு எண் 0. பயனர் சிறிது ஒளி கேட்டார். இயக்கி விளக்கையே அணைத்துவிட்டது! இருட்டுத் திரையில் ஒளியை ஏற்றும் பட்டையை எங்கே தேடுவது? இதனால்தான் பல இயக்கிகள் அளவுகோலின் அடியை 0-இல் வைக்காமல் சற்று மேலே வைக்கின்றன. ஏஎம்டி இயக்கி, திரையே தன் கீழெல்லையைச் சொல்லாதபோது, 255-இல் 12 என்பதை அடியாகக் கொள்கிறது.

பெரிய இடங்களில் இதே பிழை

ஒரு மாணவரின் திரை மங்கியதற்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்கலாம். இதே பிழை பெரிய இடங்களிலும் புகுந்திருக்கிறது. கனடா நாட்டு வான்கூவர் பங்குச் சந்தை 1982-ஆம் ஆண்டு 1,000 என்ற எண்ணில் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. நாள்தோறும் ஏறத்தாழ 3,000 முறை அதைக் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு முறையும் மூன்றாம் பதின்மத்துக்குப் பின்னால் உள்ளதை வெட்டினார்கள். சந்தை நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே குறியீடு மட்டும் தேய்ந்து, 1983 நவம்பரில் 524.811 ஆயிற்று. கணக்கைத் திருத்தியபின் அதே குறியீடு 1,098.892 என்று வந்தது. அண்ணனுடைய திரைக்கும் இதற்கும் வேறுபாடு, இழந்த அளவில் மட்டுமே.

மற்றொன்று துயரமானது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், வரும் ஏவுகணையைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் என்னும் கருவி அதைத் தடுக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டனர். அக்கருவி காலத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. பத்தில் ஒன்று என்ற பின்னம் இருமக் கணக்கில் முடிவில்லாமல் நீள்வது. அதை 24 இருமத்தில் வெட்டி வைத்திருந்தார்கள். நிறுத்தாமல் நூறு மணி நேரம் ஓடியபோது பிழை சேர்ந்து சேர்ந்து ஏறக்குறைய 0.34 வினாடி ஆயிற்று. அவ்வளவு நேரத்தில் அந்த ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். கருவி வானத்தில் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இறுதியாக

திருத்தத்தை அந்த இயக்கியைப் பேணுவோருக்கு அனுப்பினேன். 101 படிகளின் சோதனை முடிவையும் உடன் வைத்தேன். 64 இருமம் பற்றி ஒருவர் கேட்ட கேள்வியால் இன்னொரு முறை எழுதி அனுப்ப நேர்ந்தது. மாறிய வரிகள் மொத்தம் இரண்டு. அதற்கு நான் எழுதிய விளக்கம் முப்பது வரிக்கு மேல். இரண்டு வரியை ஏன் மாற்ற வேண்டும் என்று பிறருக்குப் புரியச் சொல்வதே அப்பணியில் கடினமான பகுதி என்று உணர்ந்தேன்.

லினக்ஸ் வைத்திருக்கும் தோழர்கள் தங்கள் கணினியையும் இவ்வாறு சோதிக்கலாம். மேலே சொன்ன அடைவில் முதல் கோப்பில் ஓர் எண்ணை எழுதி, இரண்டாம் கோப்பைப் படியுங்கள். ஓர் எண்ணோடு நிறுத்தாமல் எல்லா எண்களையும் எழுதிப் பாருங்கள். வேறுபாடு தென்பட்டால், திரும்ப வந்த எண்ணையே மறுபடி எழுதிப் பாருங்கள். அதற்குமேல் நகராமல் நின்றால் கவலையில்லை. மேலும் இறங்கினால் என் அறைக் கதவைத் தட்டுங்கள்; சோதனை நிரலைத் தருகிறேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கணக்கில் குறை கண்டுபிடித்த அன்றே அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்படியானால் மருத்துவரிடம் போக வேண்டாமே" என்றார். நான் விடவில்லை. திரை மங்கியதற்கு இயக்கி காரணம் என்பது உறுதி. ஆனால் தந்தைக்குக் கண் அழுத்த நோய் இருந்ததும் உறுதிதானே? அந்நோய் பெரும்பாலும் ஓரப் பார்வையிலிருந்து மெல்ல மெல்லத் தின்றுகொண்டு வரும். நோயாளிக்கு நெடுநாள் தெரிவதே இல்லை. இழந்த பார்வையை மீட்க முடியாது. முன்னதாகக் கண்டால் மேலும் இழக்காமல் காக்கலாம். ஆகவே ஒரு சனிக்கிழமை கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அழுத்தம் பார்த்தார்கள், பார்வைப் புலம் பார்த்தார்கள், கண்ணின் பின்புற நரம்பைப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார் மருத்துவர். குடும்பத்தில் நோய் இருப்பதால் ஆண்டுக்கு ஒரு முறை வந்து காட்டும்படி சொன்னார்.

திரும்பும் வழியில் அண்ணன் சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டுத் தாளை எடுத்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். அதன் பின்பக்கத்தில் அடுத்த ஆண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளைக் குறித்து, மடித்து மீண்டும் பையில் வைத்துக்கொண்டார்.